மாயக்காள் நிலத்தில் நாற்பத்தொரு கொடி

போன மாதம் எங்கள் ஊருக்கு டிவிக்காரர்கள் வந்தார்கள். எழுமலைக்கு மேற்கே செங்கரட்டுப்பட்டி என்று ஓர் ஊர் இருப்பது அதற்கு முன்னால் அவர்களுக்குத் தெரியாது. சூடாமணி மேடம் முதன்முதலில் வேலை பார்த்த ஊர் என்று கேள்விப்பட்டு, வழி விசாரித்து விசாரித்து வந்து சேர்ந்தார்கள். சிலந்தியைப் பற்றி யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் இப்போது மேடத்தைத்தான் கேட்கிறார்கள். வெளிநாட்டுக் கூட்டங்களுக்கெல்லாம் போய்ப் பேசிவிட்டு வருகிறார். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சுவரில் அவர் படம் ஒட்டியிருக்கிறது.

என்னை ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தி, கையில் பழைய சர்வே சங்கிலி ஒன்றைக் கொடுத்து, "மேடம் பெரிய ஆளா வருவாங்கன்னு உங்களுக்கு அப்பவே தோணுச்சா?" என்று கேட்டார்கள். தோன்றவில்லை என்று சொன்னேன். அவர்களுக்கு அது பிடிக்கவில்லை. மறுபடியும் கேட்டார்கள். மறுபடியும் அதையே சொன்னேன். கடைசியில் டிவியில் நான் வந்தது பதினொரு நொடி. அதில் நான்கு நொடி இருமுகிறேன்.

அந்தக் கோபத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறு காரணமும் இருக்கிறது, அது பின்னால் வரும்.

நான் ஜெயபாண்டி. இந்த ஊரின் கிராம உதவியாளர். ஊருக்குள் இன்னும் தலையாரி என்றுதான் சொல்வார்கள். வி.ஏ.ஓ. சொல்கிற வேலையைச் செய்வது, நோட்டீஸ் ஒட்டுவது, தாலுகா ஆபீசுக்குத் தபால் கொண்டுபோவது, நிலம் அளக்க சர்வேயர் வந்தால் சங்கிலியின் மறுமுனையைப் பிடிப்பது, இவ்வளவுதான் உத்தியோகம். அஞ்சல் வழியில் எம்.ஏ. தமிழ் முடித்திருக்கிறேன். யாரும் கேட்பதில்லை, அதனால் நானே சொல்லிக்கொள்கிறேன்.

எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஆனி மாதம், காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்த நேரத்தில், சூடாமணி மேடம் பஸ்ஸை விட்டு இறங்கினார். அப்போது அவருக்கு இருபத்தாறு வயது. மதுரை முனிச்சாலைப் பக்கம் வீடு. சௌராஷ்டிரக் குடும்பம். அப்பா ஒரு ஜவுளிக்கடையில் துணி கிழித்துக் கொடுக்கும் வேலையில் இருந்தார். கல்லூரியில் விலங்கியல் படித்தவர், மேலே படிக்க வீட்டு நிலைமை இடம் கொடுக்காததால் பரீட்சை எழுதி நில அளவர் வேலைக்கு வந்திருந்தார். முதல் போஸ்டிங் எங்கள் பக்கத்துக் கிராமங்கள்.

"அண்ணே, இங்க தண்ணி எங்க கிடைக்கும்?" என்பதுதான் என்னிடம் அவர் கேட்ட முதல் கேள்வி. இரண்டாவது கேள்வி, "இந்த எறும்பெல்லாம் எங்க போகுது?" முதலாவதற்கு என்னால் பதில் சொல்ல முடிந்தது.

வேலையில் குறை சொல்ல முடியாது. சங்கிலியை இழுத்துப் பிடிக்கச் சொல்லி என் தோளைக் கழற்றிவிடுவார். புலப்படம் என்கிற நில வரைபடத்தோடு ஒரு மீட்டர் இடித்தால் மறுபடியும் முதலிலிருந்து அளப்பார். ஆனால் அளந்து முடித்து எல்லோரும் நிழலுக்கு ஒதுங்கும்போது இவர் மட்டும் வரப்போரம் குந்திக்கொண்டு எதையாவது பார்த்துக்கொண்டிருப்பார். மத்தியானம் டப்பாவைத் திறந்து ஒரு கையில் முருங்கைக்கீரை வடையும் மறு கையில் பூதக்கண்ணாடியுமாக உட்கார்ந்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். அம்மா போன் செய்தால் அவர்கள் வீட்டுப் பாஷையில் பேசுவார். எங்கள் ஊரில் அந்தப் பாஷையை யாரும் காதால் கேட்டதில்லை. "டில்லிக்குத் தகவல் குடுக்குதோ என்னமோ" என்று பேசிக்கொண்டார்கள். மதுரைக்குள்ளேயே அப்படி ஒரு பாஷை இருக்கிறது என்று நான் சொன்னதை யாரும் பொருட்படுத்தவில்லை.

ஆவணியில் ஒருநாள் உட்பிரிவு வேலை. இரண்டு பங்காளிகள் நிலத்தைப் பிரித்துக்கொள்கிறார்கள். மூலைக் கல்லின் தலையில் வெட்டியிருக்கும் குறியைப் பார்ப்பதற்காகப் புல்லை விலக்கிக் குனிந்த மேடம் எழுந்திருக்கவே இல்லை.

"அண்ணே, இந்த மண்ணுக்கு மூடி இருக்கு" என்றார்.

"மண்ணுக்கு எதுக்கு மேடம் மூடி?"

கிட்டப் போய்ப் பார்த்தேன். வெறும் மண்தான் தெரிந்தது. அவர் விரலை வைத்துக் காட்டிய பிறகு, ஒரு ரூபாய்க் காசு அளவில் ஒரு வட்டம், முடி மாதிரி மெல்லிய கோட்டில் தெரிந்தது. மேலே மண்ணும் காய்ந்த பாசியும் ஒட்டி, சுற்றியுள்ள தரையோடு தரையாக இருந்தது. அளக்கக் காத்திருந்த பங்காளிகள் இருவரும், அதுவரை ஒருவரோடொருவர் பேசாதவர்கள், இப்போது சேர்ந்துகொண்டு மேடத்தைத் திட்டினார்கள். அவர் வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு, பொழுது சாயும் நேரத்தில் என்னையும் இழுத்துக்கொண்டு அதே கல்லுக்குத் திரும்பி வந்து குப்புறப் படுத்துவிட்டார். அரசாங்க உத்தியோகத்தில் இருக்கிற ஒரு பெண் தரையில் குப்புறப் படுப்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. யாராவது வந்துவிடுவார்களோ என்று நான் நாலாபக்கமும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெயில் போனதும் அந்த மூடி இம்மியளவு தூக்கியது. கீழே இரண்டு கால்கள் தெரிந்தன. ஒரு வண்டு பக்கத்தில் ஊர்ந்து போயிற்று. அடுத்த கணம் வண்டு இல்லை, மூடி மூடியிருந்தது. நான் "யாத்தாடி" என்று கத்திவிட்டேன். மேடம் என் காலைப் பிடித்து உட்கார வைத்து, "சிலந்திண்ணே. வலை கட்டாது. வீடு கட்டி, கதவு வச்சு, கதவுக்குப் பின்னாடியே உக்காந்திருக்கும்" என்றார். அவர் முகம் முழுக்க மண். அவ்வளவு சந்தோஷமாக ஒருவரை நான் கல்யாண வீட்டில்கூடப் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு போகிற இடமெல்லாம் மூடி தேடினார். புரட்டாசி பிறக்கும்போது அவருக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. "ஏண்ணே, நடு நிலத்துல ஒண்ணுகூட இல்ல. எல்லைக்கல்லைச் சுத்தித்தான் இருக்கு. ஏன்?"

இதற்கு எனக்குப் பதில் தெரியும். எங்கள் பக்கத்தில் கல்லுக்கு ஒரு முழம் விட்டுத்தான் உழுவார்கள். கலப்பை கல்லில் பட்டால், கல்லை நகர்த்தப் பார்த்தான் என்று பேச்சு வந்துவிடும், பேச்சு வந்தால் போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போய்விடும். இப்போது டிராக்டர் வந்த பிறகும் டிரைவர் கல்லுக்குப் பக்கத்தில் வந்ததும் கலப்பையைத் தூக்கிக்கொள்வான். அதனால் அந்த ஒரு முழ மண்ணை யாரும் கிளறுவதே இல்லை.

இதைச் சொன்னதும் மேடம் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "அப்ப உங்க ஊர்ச் சண்டைதான் இதுகளக் காப்பாத்துது" என்று சொல்லிவிட்டு அளவைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் வேகமாக எழுத ஆரம்பித்தார். பிற்பாடு அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது இந்த விஷயம்தான். சங்கிலி பிடித்தவன் சொன்னது என்று டிவியில் ஒருவரும் சொல்லவில்லை. மேடம் மட்டும் எழுதுகிற இடத்திலெல்லாம் என் பேரைப் போடுகிறார், அதையும் சொல்லிவிட வேண்டும்.

கண்ட மூடிகளை மறுபடியும் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருந்ததால், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு தென்னங்குச்சி நட்டு, சிவப்புத் துணி கட்டி, அதில் மையால் நம்பர் போட்டார். துணி அவருடைய அப்பா கடையில் மிஞ்சின துண்டு. காலையில் முதல் பஸ்ஸில் வந்து, ஆபீஸ் நேரத்துக்கு முன்னால் இந்த வேலையை முடித்துவிடுவார். எந்த வளையில் ஆள் இருக்கிறது, எதில் குஞ்சு இருக்கிறது என்றெல்லாம் கணக்கு. ஊரைச் சுற்றி நூற்று முப்பது கொடி ஆயிற்று. அதில் அதிகம் இருந்தது மாயக்காள் அத்தையின் நிலத்தில். ஓடைக்கரையை ஒட்டி உழவு படாத ஒரு நீளத் துண்டு அவர் நிலத்தில் இருந்தது. அங்கே மட்டும் நாற்பத்தொன்று, வரிசையாக.

"அண்ணே, யார்கிட்டயும் சொல்லிறாதீங்க" என்று மேடம் கேட்டுக்கொண்டார். "எனக்கு இன்னும் புரபேஷன் முடியல. சர்வேயர் பூச்சி பாத்துக்கிட்டுத் திரியுதுன்னு ஒரு மனு போனாப் போதும், வேலை போயிரும். வீட்ல என் சம்பளந்தான்."

நான் தலையை ஆட்டினேன். சொல்லக்கூடாது என்றுதான் நினைத்தேன், சொல்லவும் இல்லை. ஆனால் சொல்லாமல் இருப்பதில் எத்தனையோ விதம் இருக்கிறது. அதில் படுமட்டமான விதத்தை நான் தேர்ந்தெடுத்தேன்.

மறுநாள் டீக்கடையில் ஆண்டிச்சாமி பிடித்துக்கொண்டார். நிலம் வாங்கி விற்கிற புரோக்கர், எனக்கு மாமன் முறை.

"என்ன மாப்ள, ஊரெல்லாம் கொடி நட்டு வச்சிருக்கீக? நம்பர் வேற போட்டிருக்கு?"

சும்மா என்று சொல்லியிருக்கலாம். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நான் டீ கிளாசைக் கீழே வைத்து, வாயைத் துடைத்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "அது ஆபீஸ் ரகசியம் மாமா" என்றேன்.

கடை மொத்தமும் என் பக்கம் திரும்பிற்று. இருபது வருடமாக அந்தப் பெஞ்சில் உட்காருகிறேன், ஒருநாளும் என்னை யாரும் அப்படித் திரும்பிப் பார்த்ததில்லை. கடைக்காரர் கேட்காமலே ஒரு பருப்பு வடையை என் பக்கம் நகர்த்தினார். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. வெட்கமாக இருந்தாலும் உண்மையைச் சொல்லத்தானே வேண்டும்.

எங்கள் பக்கத்து ஊர்களில் ஆபீஸ் ரகசியம் என்றால் ஒரே அர்த்தம்தான். நிலம் எடுக்கப் போகிறார்கள். இது எனக்குத் தெரியாதா? தெரியும். அடுத்த நாள் நாலுவழிச் சாலை வருகிறது என்றார்கள். அதற்கடுத்த நாள் காஸ் குழாய். நடுவில் ஒரு நாள் விமானம் இறங்குகிற இடம் என்றுகூடப் பேச்சு வந்தது, எழுமலைக்கு யார் விமானத்தில் வரப்போகிறார் என்று யாரும் யோசிக்கவில்லை. கடைசியில் சாலை என்று முடிவாயிற்று. ஒவ்வொரு நாளும் என்னைக் கேட்டார்கள். ஒவ்வொரு நாளும் நான் மெதுவாகச் சிரித்துவிட்டுச் சும்மா இருந்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை காலை, என் மனைவி பாண்டியம்மாள் இட்லித் தட்டை என் முன்னால் டமாரென்று வைத்தாள்.

"உங்க அயித்த நாளைக்குப் பத்திர ஆபீஸ் போகுதாம்ல?"

"எதுக்கு?"

"எதுக்கா? ஓடைக்கரை நிலத்த ஆண்டிச்சாமி அண்ணனுக்கு எழுதிக் குடுக்க. ரோடு வந்தா சும்மா புடுங்கிருவாக, அதுக்கு முந்தி வந்த வெலைக்குத் தள்ளிவிட்ரலாம்னு சொல்லுச்சு. நீங்கதான் ரகசியம் ரகசியம்னு திரிஞ்சீகளே."

மாயக்காள் அத்தை எங்கள் அப்பாவுக்குச் சித்தப்பா மகள். புருஷன் இறந்த பிறகு திருப்பூர் பனியன் கம்பெனியில் பத்து வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்து, அந்தச் சம்பளத்தில் வாங்கின நிலம் அது. எங்கள் குடும்பத்தில் ஒரு பெண்ணின் பேரில் இருந்த ஒரே பட்டா. அந்தப் பட்டாவை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பிளாஸ்டிக் உறை போட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தார். அந்த நிலம் போனால் அவருக்கு மறுபடியும் திருப்பூர்தான். அதற்கு இனிமேல் கால் ஒத்துழைக்காது.

கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் ஓடினேன். அத்தை ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தார்.

"அயித்த, நிலத்த விக்காத. ரோடும் வரல, ஒண்ணும் வரல."

"அப்பக் கொடி எதுக்கு நட்டிருக்கு?"

"அது... சொல்லக்கூடாது அயித்த."

"பாத்தியா" என்றார். மறுபடியும் குழையைக் கட்டினார்.

வேறு வழியில்லாமல், மேடத்துக்குக் கொடுத்த வாக்கை மீறி, "சிலந்திக்கு அயித்த. சிலந்தி எண்றதுக்கு" என்றேன்.

அத்தை நிமிர்ந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. "ஏய்யா மருமகனே, ஏமாத்துறதுன்னாலும் ஒரு லட்சணம் வேணாமா? ஆண்டிச்சாமியாச்சும் நடக்குறதச் சொல்றான். நீ ஆபீஸ் ஆளு. உனக்கு வேணுங்கிற வரைக்கும் என்னைய இங்கனயே உக்கார வச்சு, கடைசில நோட்டீசக் கொண்டாந்து ஒட்டுவ. போய்யா."

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ஒரு மாதமாக நான் ரகசியக்காரனாக இருந்ததில், உண்மையைச் சொன்னாலும் நம்ப ஆளில்லாமல் போயிருந்தது. என் சொந்த அத்தைகூட நம்பவில்லை.

மேடம் வி.ஏ.ஓ. ஆபீசில் பட்டா மாறுதல் மனுக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். பேனாவை மூடி வைத்தார்.

"ரோடுன்னு யாருண்ணே சொன்னது?"

"ஊருக்குள்ள பேசிக்கிறாங்க மேடம்" என்றேன். அந்த நேரத்திலும் அப்படித்தான் சொன்னேன்.

பேனாவை எடுத்துப் பைக்குள் போட்டார். "அவங்க நிலத்துல நாப்பத்தொரு கொடி. நான்தானே நட்டேன். அப்ப நான்தான் போய்ச் சொல்லணும்."

"மேடம், புரபேஷன்..."

"தெரியும்ணே" என்றார் கொஞ்சம் கடுமையாக. பிறகு அம்மாவுக்குப் போன் போட்டு அவர்கள் பாஷையில் நாலு வார்த்தை பேசினார். என்ன பேசினார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வைக்கும்போது மூக்கை உறிஞ்சினார்.

சாயங்காலம் நாலு மணிக்கு ஓடைக்கரையில் முப்பது பேருக்குக் குறையாமல் கூடிவிட்டார்கள். சாலை எந்தப் பக்கம் போகிறது என்று மேடமே அறிவிக்கப் போகிறார் என்பது அவர்கள் நினைப்பு. ஆண்டிச்சாமி வெள்ளைச் சட்டை போட்டு முன்னால் நின்றார். அத்தை ஒரு ஓரமாகத் தன் வரப்பில் உட்கார்ந்திருந்தார்.

மேடம் சுற்றி வளைக்கவில்லை. "இது ரோட்டுக்கு நட்ட கொடி இல்ல. ஆபீசுக்கும் இதுக்கும் சம்பந்தம் கிடையாது. இங்க இருக்கிற சிலந்தியை எண்றதுக்கு நானா நட்டது. உங்ககிட்ட கேக்காம உங்க நிலத்துல நட்டது என் தப்பு. எல்லாரும் என்னை மன்னிக்கணும்."

யாரோ சிரித்தார்கள், அது அப்படியே பரவிற்று.

"மேடம், நாங்க படிக்காத ஆளுகதான்" என்றார் ஆண்டிச்சாமி. "அதுக்காகக் கவர்மெண்டு சம்பளம் வாங்கிக்கிட்டுச் சிலந்தி எண்றீகன்னு சொன்னா நம்பிருவமா? அதான் உங்க ஆளு செயபாண்டியே ஆபீஸ் ரகசியம்னு சொல்லிட்டானே, டீக்கடைல வச்சு."

மேடம் திரும்பி என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தடவைதான். நான் தரையைப் பார்த்தேன். பூமி பிளந்து விழுங்காதா என்றிருந்தது.

அவர் ஆண்டிச்சாமியோடு வாதாடவில்லை. நேராக அத்தையிடம் போய்க் குந்தி உட்கார்ந்து, துப்பட்டாவில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தார்.

"அக்கா, இந்த ஊக்கால அந்த மூடியக் கொஞ்சமாத் தூக்குங்க. மெதுவா."

"எந்த மூடிம்மா?"

ஆறு வருடமாக அந்த மண்ணில் பாடுபடுகிறவர். அவருக்கே தெரியவில்லை. மேடம் அவர் கையைப் பிடித்து, பத்தொன்பதாம் நம்பர் கொடிக்குப் பக்கத்தில் அந்த வட்டக் கோட்டைக் காட்டினார். அத்தை ஊக்கின் முனையை விட்டு நெம்பினார். மூடி ஒரு நெல்லளவு தூக்கியது, உடனே படக்கென்று கீழே இறங்கிற்று.

அத்தை கையை உதறினார். "யாத்தே! உள்ள இருந்து இழுக்குது!"

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நெருங்கி வந்தார்கள். அத்தை மறுபடியும் நெம்பினார். மறுபடியும் உள்ளேயிருந்து இழுப்பு. மூன்றாம் தடவை கொஞ்சம் அழுத்தினார். மூடி கொஞ்சம் வந்து, நடுங்கி, அப்படியே நின்றது. சந்தில் கருப்பாக இரண்டு கால்கள் சுவரில் ஊன்றியிருப்பது தெரிந்தது. அத்தை எடுக்கிற பலத்துக்கு அதுவும் எடுத்தது. கடைசியில் அத்தைதான் விட்டார்.

"காலைச் சுவத்துல குடுத்து, பல்லால கதவக் கவ்விப் புடிச்சிருக்கும்" என்றார் மேடம்.

அதற்குப் பிறகு அங்கே யாருக்கும் சாலை ஞாபகம் இல்லை. எனக்கு, உனக்கு என்று ஊக்குக்குப் போட்டி. ஆண்டிச்சாமி வெள்ளை வேட்டியோடு மண்டி போட்டு நெம்பிப் பார்த்துவிட்டு, "அடேயப்பா" என்று பின்னால் உட்கார்ந்துவிட்டார். இதற்கா கொடி, இதற்கா நம்பர், இது என்ன தின்னும், மழை பெய்தால் என்ன செய்யும் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். மேடம் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். தெரியாததற்குத் தெரியாது என்றார். அரசாங்க ஆள் ஒருவர் தெரியாது என்று சொல்லிக் கேட்டதில், அவர் சொன்ன மற்றதையும் நம்பினார்கள் என்று நினைக்கிறேன்.

"போதும், விடுங்கப்பா" என்று அத்தைதான் எல்லோரையும் அதட்டினார். "அது பயந்துகிட்டுக் கெடக்கும்." பிறகு மேடத்தைக் கேட்டார், "எம்புட்டு நாளா இங்கன இருக்கு இது?"

"சரியாத் தெரியலக்கா. ஒரே வளையில பத்துப் பதினஞ்சு வருசம்கூட இருக்கும்னு படிச்சிருக்கேன்."

"அப்ப நான் வாங்குறதுக்கு முந்தியே இருந்திருக்கு. கலைச்சா வேற எடத்துக்குப் போயிராதா?"

"பெரும்பாலும் போகாதுக்கா. வளர்ந்ததுக்கப்புறம் வேற வீடு தோண்ட முடியாம செத்துரும்."

அத்தை அந்த மூடியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"இம்புட்டூண்டு இருந்துக்கிட்டு கதவ விட மாட்டேங்குது. நான் என்னமோ நாளைக்குக் கையெழுத்துப் போடக் கெளம்பிட்டேன். ஏப்பா ஆண்டிச்சாமி, நான் வரல. ரோடு வந்தா வரட்டும். வாறவக வந்து என்னையத் தூக்கிப் பாக்கட்டும்."

ஆண்டிச்சாமி ஏதோ முணுமுணுத்தார். ஆனால் கிளம்பும்போது பத்தொன்பதாம் நம்பர் கொடியை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனதை நான் பார்த்தேன்.

நாலே நாளில் மனு போய்விட்டது. போட்டோவோடு. யார் அனுப்பியது என்று எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். நான் மட்டும் என்ன யோக்கியன்? மேடத்துக்கு மெமோ வந்தது. எதற்காகக் கொடி நட்டாய், வதந்தி பரவக் காரணம் யார், ஏழு நாளில் விளக்கம் கொடு என்று. அவர் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து எழுதினார். என்னோடு வேலைப் பேச்சைத் தவிர வேறு பேச்சில்லை. எழுதி முடித்து, கவரில் போட்டு, "அண்ணே, இதத் தாலுகா ஆபீஸ்ல குடுத்துருங்க" என்று என் கையில் கொடுத்தார்.

தபால் கொண்டுபோவது என் வேலை. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன், கவரை ஒட்டவில்லை. வாயைச் சும்மா உள்ளே மடித்துவிட்டிருந்தார். பதற்றத்தில் மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். படிக்கக்கூடாது. என் பேர் உள்ளே இருக்கும், வேலை போகப் போகிறது, எதற்கும் தெரிந்துகொள்வோம் என்ற பயத்தில் எடுத்துப் படித்துவிட்டேன்.

என் பேர் இருந்தது. "வதந்தி பரவியதற்கு, ஊர் மக்களிடம் விஷயத்தைச் சொல்லாமல் மறைத்த நானே முழுப் பொறுப்பு. கிராம உதவியாளர் திரு. ஜெயபாண்டி, யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டதால் மௌனமாக இருந்தார். அவர் மீது எந்தத் தவறும் இல்லை" என்று எழுதியிருந்தது.

இரண்டு மூன்று தடவை படித்தேன். இறங்க வேண்டிய ஸ்டாப்பை விட்டுவிட்டேன். நடந்து திரும்பி வந்து, ஒரு பெட்டிக்கடையில் பசை வாங்கிக் கவரை ஒட்டி, உள்ளே கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தேன். மேடத்திடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேலை போய்விடுமோ என்ற பயம் தீர்ந்ததும், வேறொரு வெட்கம் வந்து வாயை அடைத்துவிட்டது.

மேடத்துக்கு வேலை போகவில்லை. புரபேஷனை ஒரு வருடம் நீட்டினார்கள், கொட்டாம்பட்டிப் பக்கம் தூக்கி அடித்தார்கள். முனிச்சாலையிலிருந்து திருச்சி ரோட்டில் அது அந்தக் கோடி. அங்கேயும் கல் இருந்தது, கல்லைச் சுற்றி ஒரு முழ மண் இருந்தது. அடுத்த ஐந்து வருடத்தில் மாவட்டம் முழுக்க இரண்டாயிரம் எல்லைக்கல்லைப் பார்த்துவிட்டார். அங்கே கண்ட சிலந்திகளில் ஒரு வகை அதுவரை யாரும் பேர் வைக்காதது என்று தெரிந்த பிறகுதான் பெரிய பெரிய ஆட்களெல்லாம் அவரைத் தேடி வந்தார்கள். வேலையை விட்டு ஆராய்ச்சிக்குப் போனார். அதெல்லாம் டிவியில் சரியாகவே வந்தது.

எனக்கு ஊரில் ரகசியம் என்று பேர் வைத்துவிட்டார்கள். இன்றைக்கும் டீக்கடையில் "ரகசியத்துக்கு ஒரு டீ" என்றுதான் சத்தம் கொடுப்பார்கள். வடை கிடையாது. இப்போதெல்லாம் ஆபீசில் என்ன வேலை நடக்கிறது என்று யார் கேட்டாலும் ஒன்றுவிடாமல் சொல்லிவிடுகிறேன், அதற்கும் வி.ஏ.ஓ. திட்டுகிறார்.

மாயக்காள் அத்தை நிலத்தில் இந்த வருடம் பருத்தி. ஓடைக்கரைத் துண்டை உழுவதில்லை. டிவிக்காரர்கள் ஒரு மூடியைத் திறந்து காட்டச் சொன்னபோது, "ஆள் உள்ள இருக்கும்போது கதவ எதுக்கு ஆட்டணும்?" என்று முடியாது என்றுவிட்டார். படப்பிடிப்புக்கென்று வந்திருந்த மேடம் விழுந்து விழுந்து சிரித்தார்.

கேமராவுக்கு முன்னால் என்னை இன்னொரு கேள்வியும் கேட்டார்கள். "அந்த ரோடு வதந்திய யாரு சார் கிளப்புனது?" மேடம் பக்கத்தில்தான் நின்றார். நான், "யாரோ பேசிக்கிட்டாங்க" என்றேன். எட்டு வருடம் கழித்தும் அதே பதில். அப்புறம்தான் அந்த இருமல் வந்தது.

எல்லாம் முடிந்து மேடம் வண்டியில் ஏறப் போனார். இனி எப்போது வருவாரோ என்று தோன்றியதும் பின்னாலேயே ஓடினேன்.

"மேடம், ஒரு நிமிசம். அன்னைக்கு மெமோவுக்குப் பதில் குடுத்து விட்டீங்கள்ல, அந்தக் கவரு... அத நான் பஸ்ல பிரிச்சுப் படிச்சுட்டேன். தப்புத்தான். எல்லாமே என் தப்புத்தான் மேடம்."

ஒரு காலை வண்டியில் வைத்தபடி திரும்பினார். முடி கொஞ்சம் நரைத்திருந்தது, சிரிப்பு அதேதான்.

"தெரியும்ணே. நீங்க படிக்கணும்னுதான் ஒட்டாமக் குடுத்தேன்."

நடுரோட்டில் நின்று சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன். நல்லவேளையாக டிவிக்காரர்கள் அதற்குள் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டிருந்தார்கள்.